இரவுக்கு இரண்டு வெள்ளம்: வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஃபேரோ விளையாடுவது

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இது: கும்பகோணத்தில் வீடு, தஞ்சாவூரில் வேலை, போகவர பஸ்ஸிலேயே தினம் இரண்டரை மணி நேரம், வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். காலேஜ் நாளில் விளையாடிய ஃபேரோ என்கிற, பழைய எகிப்தில் ஊர் கட்டும் கம்ப்யூட்டர் கேமின் புதுப் பதிப்பை ஆசையாக வாங்கினீர்கள். நாலு மாதமாகியும் நாலாவது ஊரைத் தாண்டவில்லை. உட்கார்ந்தால் ராத்திரி இரண்டு மணி ஆகிவிடுகிறது. அதற்குப் பயந்து பத்து நாள் திறக்காமல் இருந்தால், எந்தக் களஞ்சியத்தை எதற்காக அங்கே வைத்தோம் என்றே நினைவில்லை. 'தினம் எத்தனை நிமிடம் ஒதுக்கலாம், அல்லது இந்த வயதில் இதெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிடலாமா?' என்று முடித்திருந்தீர்கள். நிமிடக் கணக்கு கேட்கிறீர்கள், சரி. ஆனால் உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்ததில் எனக்குப் பட்டது வேறு. எழுந்திருப்பது எப்படி என்பது ஒரு கேள்வி. விட்ட இடத்துக்குத் திரும்பி வருவது எப்படி என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டுக்கும் வழி கிடைத்தால் நிமிடம் தானாகக் கிடைக்கும்.

வயது முப்பத்தாறு என்று எழுதியிருந்தீர்கள், அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். நான் மன்னார்குடிப் பக்கம் உரக்கடை வைத்திருப்பவன். அதற்கு முன்னால் 2001 முதல் 2009 வரை பிரவுசிங் சென்டர் நடத்தினேன். ஆறு கம்ப்யூட்டர், நடுவே ப்ளைவுட் தட்டி, மணிக்கு இருபது ரூபாய். கடைசி கம்ப்யூட்டரில் ஃபேரோவும், அதே மாதிரி ரோமானிய ஊர் கட்டும் சீசர் 3-ம் இருந்தன. மற்றவர்கள் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததில் சோறு தின்றவன் என்று என்னைச் சொன்னால் தப்பில்லை. அப்போது தொற்றிய பழக்கம் இன்றுவரை என்னையும் விடவில்லை. ஆக, கேமுக்குள் என்ன நடக்கிறது என்று நான் சொல்வதை நம்பலாம். தூக்கம், குடும்பம், பிள்ளை வளர்ப்பு பற்றிச் சொல்வதெல்லாம் ஒரே ஒரு வீட்டு அனுபவம், அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கேம்கள் எழவிடாததில் மாயம் ஒன்றுமில்லை, வெறும் கணக்குதான். சீசர் 3 வந்தது 1998-ல், ஃபேரோ 1999-ல். இரண்டும் இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் செய்தவை. இரண்டிலும் ஊருக்குள் பல கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. தீயணைப்பவர் எட்டிப் பார்க்காத தெருவில் கொஞ்ச நாளில் வீடு பற்றிக்கொள்ளும். வயல் விளைவது ஒரு கணக்கு. மேலிடத்திலிருந்து 'இத்தனை மாதத்துக்குள் இத்தனை சரக்கு அனுப்பு' என்று ஓலை வருவது இன்னொரு கணக்கு. சீசரில் ஊரின் செழிப்பு மதிப்பெண் ஆண்டுக்கு ஒரு தடவைதான் மாறும். இவை ஒன்றோடொன்று சேர்ந்து முடிவதே இல்லை. அறுவடை முடியும்போது ஓலைக்கு இரண்டு மாதம் பாக்கி இருக்கும். ஓலைக்கு அனுப்பி முடித்தால் மதிப்பெண்ணுக்கு மூன்று மாதம். மதிப்பெண் வந்த கையோடு குயவர் பட்டறையில் களிமண் தீர்ந்திருக்கும். கோயில் என்றால் அர்த்தஜாம பூசை முடிந்து நடை சாத்திவிடுவார்கள், எப்பேர்ப்பட்ட ஆளும் வெளியே வந்துதான் ஆகவேண்டும். இந்த ஊர்களில் நடை சாத்துவதே கிடையாது. 'இந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு' என்று உட்கார்ந்திருந்ததற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். எந்த நேரத்தில் பார்த்தாலும் ஏதோ ஒன்று முடியப்போகிற மாதிரி இருக்கும்படிதான் அது ஓடுகிறது.

எனக்கு இது உறைத்தது 2023 ஜூன் மாதம். புதுப் பதிப்பு அந்தப் பிப்ரவரியில்தான் வந்திருந்தது. மேட்டூரில் 12-ம் தேதி தண்ணீர் திறந்தாயிற்று, குறுவைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வயலில் இறங்கப்போகிறார்கள், கடையில் நிற்க நேரமில்லை. அப்படிப்பட்ட வாரத்தில் ஒரு ராத்திரி பிரமிடுக்குக் கல் வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டே மூன்றரை வரை உட்கார்ந்துவிட்டேன். ஐந்து மணிக்கு யூரியா லோடு வந்திருக்கிறது. போன் சைலன்ட்டில். டிரைவர் கடை வாசலிலேயே லாரியை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துப் பார்த்திருக்கிறார், லோடுமேன்கள் நாலு பேரும் ஏழு மணி வரை காத்திருந்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அப்புறம் நானும் மச்சானும் கடைப் பையனும்தான் இறக்கினோம். மூட்டை நாற்பத்தைந்து கிலோ. முந்தின ராத்திரி, கல் இழுத்து வந்த ஆட்களைப் பார்த்து 'என்னடா இப்படி ஊர்ந்து போறானுங்க' என்று சலித்துக்கொண்டவன் நான். பத்தாவது மூட்டையில் அது நினைவுக்கு வந்தது. வீட்டில் கேட்ட ஒரே கேள்வி: "எகிப்துல எல்லாருக்கும் சோறு போட்டாச்சுல்ல? நம்ம வீட்டு மாடு நேத்து ராத்திரிலேருந்து கத்துது."

அதற்கு அப்புறம்தான், ஃபேரோவுக்குள்ளேயே ஒரு நடை சாத்தும் நேரம் இருப்பதைக் கவனித்தேன். அங்கே முக்கியமான விவசாயம் நடப்பது ஆற்றுப் படுகையில். ஆண்டுக்கு ஒருமுறை நைல் ஏறி வயலை மூடும். வடிந்ததும் வேலையாள் முகாமிலிருந்து ஆட்கள் வந்து விதைப்பார்கள். அடுத்த வெள்ளத்துக்குச் சற்று முன்னால் மொத்த அறுவடையும் ஒரே மூச்சில் வண்டி ஏறிக் களஞ்சியத்துக்குப் போகும். தண்ணீர் நிற்கும் நாட்களில் படுகையில் யாருக்கும் வேலையில்லை, முகாம் ஆட்கள் கட்டுமானத்துக்குப் போவார்கள். கடைசி வண்டி களஞ்சியத்துக்குள் நுழைந்து, தண்ணீர் வயலை மூடுகிற அந்த நொடியில் சேவ் செய்துவிட்டு எழுந்துவிடுங்கள். அந்த இடத்தில் மட்டும்தான் அடுத்த பெரிய பலனுக்கு முழுசாக ஒரு வருஷம் இருக்கிறது, மனசு இழுக்காது. தீ, ஓலை மாதிரி சில்லறைக் கடிகாரங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அவை அவ்வளவு பலமாக இழுப்பதில்லை. நான் வைத்திருக்கும் வேகத்தில் ஒரு வருஷம் ஓடக் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகிறது, உங்கள் வேகத்துக்கு ஒரு தடவை அளந்து பாருங்கள். என் கணக்கு இரவுக்கு இரண்டு வெள்ளம். ஆரம்பத்தில் சுற்றிப் பார்ப்பதையும் சேர்த்தால் முக்கால் மணி நேரம். சீசரில் வெள்ளம் கிடையாது, அதனால் அங்கே ஆண்டு பிறந்து மதிப்பெண் வந்ததும் எழுவேன். அது அவ்வளவு சுகமாக இல்லை, மதிப்பெண் குறைந்திருந்தால் எழ மனசு வராது.

டெல்டாக்காரர்களுக்கு இந்த வெள்ளக் கணக்கை விளக்கவே வேண்டாம். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு நமக்குத் தண்ணீர் மதகு வழியாக வருகிறது. நூற்றிருபது அடி, 93.47 டிஎம்சி என்று ஊர்ச் சிறுவனும் ஒப்பிப்பான். எகிப்தில் அஸ்வான் உயர் அணை முடிந்தது 1970-ல், அதோடு நைல் ஆண்டுக்கு ஒருமுறை ஏறி வயலை மூடுவது நின்றது. கேம் காட்டுவது அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டு முந்தைய நிலவரம், தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுதான் அந்த வருஷத்துச் சோறு. 2024-ல் ஜூன் 12 போய், ஜூலை 28-ல்தான் மேட்டூர் திறந்தார்கள். அந்த ஒன்றரை மாதம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு, ராத்திரி கேமில் வெள்ளம் குறைந்து களஞ்சியம் காலியாவதைப் பார்த்தபோது, சிரிப்பும் வரவில்லை, நிறுத்தவும் தோன்றவில்லை.

அடுத்தது, உட்கார்ந்தால் என்ன செய்வது. ஒரு தடவைக்கு ஒரு வேலை. வேலை என்றால் 'ஊரை முன்னேற்றுவது' மாதிரி பெரிய வார்த்தை கூடாது. 'மேற்குத் தெருவுக்குப் பீர் போய்ச் சேரவேண்டும்', அவ்வளவுதான். பீர் வேண்டுமென்றால் பார்லி வயல், வடிப்பாலை, சேமிப்புக் கிடங்கு, பஜார், அங்கிருந்து சரக்கை வீடுவீடாகக் கொண்டுபோகும் பஜார்க்காரி நடக்கிற தெரு என்று ஐந்து கண்ணி. அந்த ஐந்தையும் கோக்க ஒரு வெள்ளம் போதும். ஆரம்பித்ததும் முதல் ஐந்து நிமிடம் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு ஊரைச் சுற்றிப் பாருங்கள். தண்ணீர் எங்கே போகவில்லை, தீ அபாயம் எங்கே, எந்த வீட்டில் சோறில்லை என்று ஒவ்வொன்றையும் மட்டும் ஊர்மேல் காட்டும் தனித்தனிப் படலம் இருக்கிறதே, அதை வரிசையாகத் தட்டினால் போதும். காலையில் வரப்பில் நடக்கிற மாதிரிதான். மடை திறந்திருக்கிறதா, எலி வளை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போவோமே ஒழிய, மண்வெட்டியை உடனே போட மாட்டோம். என் சென்டரில் விளையாடிய பையன்களில் பெரும்பாலானவர்கள் திறந்த நிமிடத்தில் ஏதாவது கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுடைய ஊர்கள்தான் சீக்கிரம் கடனில் மூழ்கும்.

எழும்போது வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டு எழாதீர்கள். இது விசித்திரமாகப் படலாம். பூ கட்டுகிறவர்கள் சரத்தின் நுனியில் நாரைக் கொஞ்சம் மிச்சம் விட்டு வைப்பார்கள், அடுத்து உட்காருகிறவர் அதில் முடிச்சைப் போட்டுத் தொடரலாம். அப்படி ஒரு சின்ன வேலையைப் பாதியில் விடுங்கள். தெரு போட்டு, வீடு வைக்காமல் விடலாம். பத்து நாள் கழித்துத் திறந்தாலும் அந்த வெறும் தெரு கண்ணில் படும், 'ஓ, இங்கே குடிவைக்க நினைத்தோம்' என்று ஞாபகம் வரும்.

அதோடு ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். இதற்கு நான் முன்னோடியாக வைத்திருப்பது எகிப்துக்காரர் ஒருவரையே. 2013-ல் செங்கடல் கரையில் வாடி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தலேயின் குழு பப்பைரஸ் என்ற கோரைத்தாள் சுருள்கள் சிலவற்றைக் கண்டெடுத்தது. இதுவரை கிடைத்த, எழுத்துள்ள பப்பைரஸ்களில் அவைதான் மிகப் பழையவை. அதில் மெரெர் என்ற மேற்பார்வையாளரின் வேலைக் குறிப்பும் இருந்தது. கிசாவில் கூஃபு மன்னரின் பெரிய பிரமிடு எழுந்துகொண்டிருந்த காலம், சுமார் 4,500 ஆண்டுக்கு முன்னால். மெரெரின் ஆட்கள் தூரா குவாரியில் சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி கிசாவுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்குக் கல் ஏற்றினோம், இன்றைக்குப் புறப்பட்டோம், ராத்திரி இன்ன இடத்தில் தங்கினோம், அவ்வளவுதான் எழுத்து. பிரமிடு எவ்வளவு பெரிது என்று ஒரு பெருமூச்சுகூட இல்லை. நான் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த டைரி அது.

என் நோட்டில் போன வாரப் பக்கம் இப்படி இருக்கிறது: 'வெள்ளம் 11. வைக்கோல் பற்றவில்லை, செங்கல் நிற்கிறது. தானிய வயல் இரண்டு கூட்டணும். வடக்கு பஜார்க்காரி முனையில கிழக்கே திரும்பிடுறா, தடுப்பு வை. ஓலை: மட்பாண்டம், இன்னும் ஏழு மாசம் இருக்கு.' நாலு வரி, எழுத ஒரு நிமிடம். செங்கல்லுக்குக் களிமண்ணோடு வைக்கோலும் வேண்டும், வைக்கோல் தானிய வயலிலிருந்துதான் வரும் என்கிற சங்கிலி மூன்று நாளில் மறந்துபோகும். எழுதிவைத்தால் மறக்க வழியில்லை. நோட்டு எடுக்கச் சோம்பலாக இருந்தால் சேவ் பெயரிலேயே எழுதிவிடுங்கள். 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி', 'கடைசி நிஜமாவே' என்று சேவ் வைத்தால் யாருக்கு என்ன புரியும்?

நீங்கள் பஸ்ஸில் போகும் இரண்டரை மணி நேரத்தைக் குறையாகச் சொல்லியிருந்தீர்கள். அதுதான் உங்கள் சொத்து. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது, எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப இருபத்திரண்டு நாள் ஆயிற்று. விழுந்த தென்னையெல்லாம் வெட்டி அடுக்கி, கூரைக்குத் தார்ப்பாய் கட்டிய பிறகு சாயங்காலங்களில் செய்ய ஒன்றுமில்லை. பையனின் கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாக ஊர் வரைய ஆரம்பித்தேன். சீசரிலும் ஃபேரோவிலும் தெருவில் நடந்துபோகும் ஆள்தான் எல்லாமே. அவர் போகும் தெருவிலிருந்து இரண்டு கட்டத் தூரத்துக்குள் இருக்கும் வீட்டுக்குத்தான் அவருடைய சேவை எட்டும். நாற்சந்தி வந்தால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று சொல்ல முடியாது, பாதி ஊரின் பட்டினிக்கு இந்த நாற்சந்திதான் காரணம். ஆனால் முச்சந்தியோ நாற்சந்தியோ இல்லாமல் ஒரே சுற்றாகத் தெரு போட்டால், அவர் சுற்றிக்கொண்டு வந்தே ஆகவேண்டும். வரைந்து முடித்துப் பார்த்தால், நான் போட்டிருந்தது தேரோடும் நாலு வீதி! இரண்டு பக்கமும் வீடு, நடுவில் கோயில், குளம். நம் ஊரில் பிறந்தவன் இதைக் கண்டுபிடிக்கப் பதினேழு வருஷம் எடுத்துக்கொண்டதுதான் கேவலம். (இதை வைத்து நம் முன்னோர் இப்படி யோசித்துத்தான் வீதி போட்டார்கள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தேர் திரும்புவதும் பஜார்க்காரி திரும்புவதும் ஒன்றில்லை.) சுற்று ரொம்ப நீளமாகிவிடக் கூடாது, ஆள் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். ஃபேரோவில் தெருத் தடுப்பு உண்டு. அது சும்மா சுற்றுகிறவர்களை மட்டும் நிறுத்தும், சரக்கு வண்டிக்காரர் மாதிரி ஓரிடத்துக்கென்று கிளம்பியவர்களை விட்டுவிடும். இதையெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வரைந்துவிட்டு வந்தால், ராத்திரி முக்கால் மணி நேரத்தில் யோசிப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது, கை வேலை மட்டும்தான்.

எழுந்திருப்பதற்கு அலாரம் வைக்காதீர்கள், கை தானாக அணைத்துவிடும். நான் செய்வது வேறு. உட்காரும்போது மோட்டாரைப் போட்டுவிடுவேன். எங்கள் வீட்டு மாடி டேங்க் நிரம்ப நாற்பது நிமிடம். நிரம்பினால் குழாய் வழியே பக்கத்து வீட்டு முற்றத்தில் தண்ணீர் கொட்டும், அந்த வீட்டுப் பெரியம்மா கொடுக்கும் குரலுக்கு நிறுத்தி வைக்கும் பட்டனெல்லாம் கிடையாது. போய் அணைத்துவிட்டு வந்தால் நாற்காலி சூடு ஆறியிருக்கும், அதற்கு மேல் உட்காரத் தோன்றாது. உங்கள் வீட்டில் டேங்க் தானாக நின்றுவிடும் வகை என்றால் வேறு ஏதாவது யோசியுங்கள். அரிசி ஊறவைப்பது, பால் காய்ச்சுவது மாதிரி விட்டால் கெட்டுப்போகிற ஒன்றாக இருக்கட்டும். இது அறிவியலில்லை, என் ஒருவனுக்குப் பலித்த வித்தை.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. மாதாந்தரப் பராமரிப்பு நிறுத்தம் முன்னாலேயே பேப்பரில் வந்துவிடும், மழைக்காலத்தில் போவதற்கு அறிவிப்பு ஏது? டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் உட்காராதீர்கள். லேப்டாப் என்றால் மூடி வைத்துவிட்டு மறுநாள் திறக்கலாம், ஆனாலும் சேவ் செய்யாமல் மூடாதீர்கள். 2003-ல் கடைசி கம்ப்யூட்டரில் ஒரு பாலிடெக்னிக் பையன் ஐந்து மணி நேரம் கட்டிய ஊர், டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து ஒரே நொடியில் போயிற்று. நூறு ரூபாய் வாங்க எனக்கு மனசு வரவில்லை. அம்பது வாங்கினேன்.

கேமை மாற்றலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். நேரம் குறைவான ஆளுக்கு, ஒரே ஊர், தனித்தனி மிஷன், முடிந்தால் அடுத்த ஊர் என்று போகும் ஆட்டம்தான் சரி. சீசர் 3, ஃபேரோ இரண்டுமே அப்படி. சீசரில் அடுத்த மாகாணமாக அமைதியானதா, போர் உள்ளதா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். பிள்ளை வைத்திருப்பவர்கள் அமைதியானதையே எடுங்கள், படையெடுப்பு நடுவில் குழந்தை அழுதால் இரண்டு பக்கமும் தோல்வி. 2019-ல் வந்த ஆனோ 1800 அழகான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் அதில் பழைய உலகம், புதிய உலகம் என்று பல தீவுகளில் ஒரே நேரத்தில் ஊர் ஓடும். ஒரு வாரம் விட்டுத் திறந்தால், எந்தக் கப்பல் எதை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறது என்று புரிவதற்குள் உங்கள் முக்கால் மணி நேரம் முடிந்துவிடும். 2014-ல் ஒரே ஆள் செய்து வெளியிட்ட பானிஷ்டு சின்ன கிராமம்தான், காசும் இல்லை, எதிரியும் இல்லை, நிறுத்தி வைத்துவிட்டே கட்டலாம். அதில் ஒரு பொறி உண்டு. வீடு கட்டுவதை நிறுத்தினால் இளசுகளுக்குத் தனிக்குடித்தனம் கிடைக்காது, பிள்ளை பிறக்காது, பத்திருபது வருஷம் கழித்துப் பெரியவர்கள் மொத்தமாகப் போய் ஊரே காலியாகும். விட்டு விட்டு விளையாடுகிறவருக்கு அது வருவதே தெரியாது. ராஜேந்திர சோழன் வருகிறாரே என்று ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் 2022-ல் வந்த இந்திய விரிவாக்கத்தைத் தொட்டேன். அது போர் ஆட்டம், வேறு ஜாதி, பாதியில் எழ மனசே வராது. சோழர் ஊரை வைத்து ஏரியும் மதகுமாக யாராவது நிதானமாக ஒன்று செய்யமாட்டார்களா என்ற ஏக்கம் மட்டும் இருக்கிறது.

இனி நிச்சயமில்லாத பகுதி. மூத்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் பையன் ஏழு வயதில் 'அப்பா, இந்தத் தெருவுல யாருக்குமே தண்ணி வரல' என்று எனக்கு முன்னால் கண்டுபிடித்தான், நான் பூரித்துப்போனேன். அதே பையனுக்கு ஒன்பது வயதில் கேம் அலுத்துவிட்டது, கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். அது அவனுக்கு நல்லது செய்ததா என்றெல்லாம் நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ராத்திரி பத்துக்கு மேல் திரையைப் பார்ப்பது தூக்கத்தைக் கெடுக்குமா என்றால், என்னைப் பொறுத்தவரை இரண்டு வெள்ளத்தோடு எழுந்த நாளில் தூங்குகிறேன், நாலு வெள்ளம் பார்த்த நாளில் கண்ணை மூடினால் பஜார்க்காரி நடக்கிறாள். உங்களுக்கு ஏற்கெனவே தூக்கக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், உரக்கடைக்காரனிடம் வேண்டாம். தினமும் விளையாட வேண்டும் என்றும் இல்லை. எனக்கு ஜூன் முதல் சம்பா மேலுரம் முடியும்வரை வாரத்துக்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது, பெரிய பிரமிடெல்லாம் தைக்கு மேல்தான். உங்கள் வேலையிலும் அப்படி ஒரு பருவம் இருக்கும். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு நேரத்தில் புது மிஷன் ஆரம்பித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

'நாலு மாதத்தில் நாலு ஊர்' என்று வெட்கப்பட்டிருந்தீர்களே, அதற்கு ஒரு கணக்கு. புதுப் பதிப்பில் கிளியோபாட்ரா என்ற கூடுதல் பகுதியும் சேர்த்து ஐம்பதுக்கும் மேல் மிஷன்கள். எனக்கு ஒன்றுக்குச் சராசரி ஆறு மணி நேரம் ஆகிறது. ஐம்பதுக்கு முந்நூறு மணி. வாரத்துக்கு நாலு ராத்திரி, முக்கால் மணி வீதம் என்றால் வாரத்துக்கு மூன்று மணி, ஆக நூறு வாரம். இரண்டு வருஷம்! ஒரு கேம் இரண்டு வருஷம் வருகிறது என்றால் அதை ஏன் அவசரமாகத் தின்று தீர்க்கவேண்டும்? எகிப்தை முடித்துவிட்டீர்களா என்று தாசில்தார் ஆபீஸிலிருந்து யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

ஆகவே விட வேண்டாம் என்பது என் கட்சி. ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்: இப்போது குழம்பிக் கிடக்கிற அந்த நாலாவது ஊரின் சேவ். அதைத் திறந்து சரிசெய்ய முயலாதீர்கள், பிறர் வயலில் பாதியில் இறங்கிய கதைதான் ஆகும். அதே மிஷனை முதலிலிருந்து ஆரம்பியுங்கள். இந்தத் தடவை எதை எங்கே வைப்பது என்று உங்களுக்குத் தெரியும், நாலு மாதம் இழுத்ததை நாலைந்து ராத்திரியில் தாண்டிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். நாளை பஸ் ஏறுவதற்கு முன் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டம் போட்டது என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். சும்மா கணக்கு நோட்டு என்றால் கோடு போடாத வெள்ளைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.